கன்பர்ம் அங்கிளின் இடது கை

மலேசியாவில் அடுத்த மாதம் செய்ய வேண்டியதைப் போன மாதமே செய்து முடித்துவிட்ட ஒரே மனிதர் எங்கள் கன்பர்ம் அங்கிள்தான்.

நான் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். அந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். மூன்று அறைகள். ஒன்றில் அவர், ஒன்றில் நான், மூன்றாவதில் அவருடைய இஸ்திரி மேசை. மனைவி காலமாகி வெகுநாளாகிறது. மகள் ஆஸ்திரேலியாவில். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. மின்சார பில்லில் பார்த்திருக்கிறேன். ஆனால் கீழே இருக்கும் காவலாளி முதல் தெருமுனைப் பூக்கடை அக்கா வரை எல்லோருக்கும் அவர் கன்பர்ம் அங்கிள். யார் எதைச் சொன்னாலும் "கன்பர்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் நம்புவார். குட் மார்னிங் சொன்னால்கூட ஜன்னல் வழியே ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அவர் கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கப்பல் எந்த நாளில் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே இடம் ஒதுக்குகிற வேலை. நடுக்கடலில் வருகிற கப்பலுக்கே இடம் போட்டு வைத்த ஆள், தனக்கு ஒரு நாற்காலி உறுதியாகாமல் எங்கேயாவது போய் நிற்பாரா. முடிவெட்டிக்கொள்ளப் போனால் அடுத்த முடிவெட்டுக்கும் சேர்த்து நேரம் வாங்கிக்கொண்டுதான் வருவார்.

"அதுக்குள்ள முடி வளரலேன்னா என்ன பண்ணுவீங்க அங்கிள்?" என்று கேட்டேன்.

"வளரும் லா. கன்பர்ம்" என்றார்.

எங்கள் தெருவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை உண்டு. அங்கே முன்பதிவு என்கிற பேச்சே கிடையாது. வருகிறவர் உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், எழுந்து போக வேண்டும். அங்கிள் காலையிலேயே போய், "மத்தியானம், ஒரு ஆளு, பேனுக்குக் கீழ" என்று சொல்லிவிட்டு வருவார். கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு கோபித்தார். பிறகு ஒருநாள், மின்விசிறிக்குக் கீழே தெரியாமல் உட்கார்ந்துவிட்ட ஒரு சுற்றுலாப் பயணியை அவரே பதறிப்போய், "பாஸ், அது அங்கிள் சீட்டு" என்று எழுப்பிவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஊருக்குள் ஓடும் மின்சார ரயிலில் இருக்கை எண் கிடையாது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். கிள்ளானில் இருக்கும் பழைய நண்பரைப் பார்க்கப் போக வேண்டுமென்றால், முதலில் எதிர்த்திசையில் நாலைந்து ஸ்டேஷன் போவார். அங்கே கூட்டம் ஏறுவதற்கு முன் ஜன்னலோரம் உட்கார்ந்து, கிளம்பிய இடத்தையே மறுபடி கடந்து கிள்ளான் போய்ச் சேருவார். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போக ஆசைப்பட்டு, எத்தனை மணிக்கு எந்தப் படியில் நிற்போம் என்று முன்னாடியே தெரிந்துகொள்ள முடியுமா என அங்கே போய் விசாரித்தவர். சரியான பதில் கிடைக்காததால் அந்த வருடம் முருகனை வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான், என் அப்பாவும் அம்மாவும் பாளையங்கோட்டையிலிருந்து வரப்போகிறார்கள் என்று வாய் தவறிச் சொன்னேன்.

என் அத்தை, அதாவது அப்பாவின் ஒரே தங்கை, கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்தவள். அவள் இரண்டு மூன்று முறை ஊருக்கு வந்து போயிருக்கிறாள். அப்பா ஒருதடவைகூட இங்கே வந்ததில்லை. இப்போது அத்தை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டினால்தான் எங்கள் பக்கத்தில் பெண் மணவறைக்குப் போவாள். அத்தை போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எனக்கு நம்ம மாமா கட்டின பட்டம் வீட்டுல இருக்கில்லண்ணே, அதையே எடுத்துட்டு வாங்க. எம்மவளுக்கும் அதைத்தான் கட்டணும்."

கல்யாணம் நோன்புப் பெருநாள் விடுமுறையில் வந்தது. நாடே ஊருக்குப் போகிற நேரம். நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்து போகும். ரயிலில் போவதுதான் புத்திசாலித்தனம்.

"டிக்கெட் போட்டாச்சா?" என்றார் அங்கிள்.

"இன்னும் பத்திரிகையே அடிக்கல அங்கிள்."

"பத்திரிக்க மெதுவா அடிக்கலாம் லா. சீட்டு ஹபிஸ் ஆயிடும், ஒண்ணுகூட மிஞ்சாது. அப்பறம் நின்னுகிட்டும் போக முடியாது, தொங்கிகிட்டும் போக முடியாது. இங்க உங்க ஊரு மாதிரி வெயிட்டிங் லிஸ்ட் கெடையாது."

அப்பாவிடம் போனில் பாஸ்போர்ட் எண் கேட்டேன். உள்ளூர் ரயிலுக்கு எதற்குப் பாஸ்போர்ட் என்று அவருக்குப் புரியவில்லை.

"எதுக்குடே இவ்வளவு அவசரம்? ஸ்டேஷனுக்குப் போவோம், வண்டி வந்தா ஏறுவோம். உள்ள டி.டி.ஆர். வந்தா பேசிக்கிடலாம்."

"இங்க டிக்கெட் இல்லாம பிளாட்பாரத்துக்கே விட மாட்டாங்கப்பா."

"விட மாட்டானா?" என்று அப்பா கேட்ட தொனியில், இதற்காகவே ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்கிற வேகம் இருந்தது.

விற்பனை திறந்த அன்றே அங்கிள் மூன்று சீட்டுகள் போட்டுவிட்டார். தன்னுடைய ஈமெயில், தன்னுடைய அட்டை. என்னை நம்பவில்லை. சீட்டு வந்ததும் அதைப் பெரிய தாளில் அச்சடித்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் படிப்பேன். அம்மாவுக்கு ஜன்னலோரம். அப்பாவுக்கு அவளுக்குப் பக்கத்தில். எனக்கு எதிரே.

அப்பாவும் அம்மாவும் வந்திறங்கி இரண்டு நாள் பிரிக்பீல்ட்ஸில் தங்கினார்கள். அங்கிள் தன் இஸ்திரி மேசையைக் கூடத்துக்கு மாற்றி அறையைக் கொடுத்தார். அவர் இரவு இட்லி சாப்பிடும்போதே காலை தோசைக்குச் சொல்லிவைப்பதைப் பார்த்து அம்மா அசந்துபோனாள். அப்பாவுக்கு மட்டும் ஒட்டவில்லை. "நல்ல மனுஷன்தான். ஆனா கூட இருந்தா மூச்சு முட்டுது" என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

கிளம்புகிற அன்று காலை நான் கண் விழித்தபோது அங்கிள் ஷூ போட்டுக்கொண்டு கதவருகே நின்றிருந்தார். அவர் எங்களோடு வரவில்லை. வழியனுப்ப மட்டும்தான். அதற்கே அந்தக் கோலம். கே.எல். சென்ட்ரல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் கார் சொல்லியிருந்தார்.

"அண்ணாச்சி, இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு" என்றார் அப்பா, தோசையைப் பிய்த்தபடி.

"அண்ணே, அந்த ரெண்டு மணி நேரம் அங்க இருக்கட்டும். இங்க இருந்தா நமக்கு ஒதவாது."

அப்பா பாதித் தோசையோடு எழுந்தார். முகம் சிவந்திருந்தது. அம்மா பைகளை எண்ணிக் கொடுத்தாள். ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியை மட்டும் தன் மடியிலேயே வைத்திருந்தாள். அதில் பட்டம், பெண்ணுக்கான பட்டுச்சேலை, தாய்மாமன் சீர் சாமான்கள். காரிலிருந்து இறங்கும்போது அங்கிள் அதைக் கேட்டு வாங்கினார். "குடுங்க தங்கச்சி. முக்கியமான சாமானு. கூட்டத்துல நான் பாத்துக்கறேன்."

ஸ்டேஷன் கூடத்தில் திருவிழாக் கூட்டம். அண்ணாந்து அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். எங்கள் ரயிலின் எண்ணுக்கு நேரே, பயணிகள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுத்துகள் மினுங்கின.

"அங்கிள், நம்ம வண்டி நிக்குது."

"அது நம்ம வண்டி இல்ல லா தம்பி. நம்மளுக்கு இன்னும் நேரம் இருக்கு."

"நம்பர் அதேதான் அங்கிள்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். நுழைவாயிலில் நின்ற மலாய்ப் பெண் ஊழியரிடம் ஓடினேன். பெருநாள் கூட்டத்துக்காக நேரம் மாற்றியிருக்கிறோம், பதிவு செய்த எல்லோருக்கும் முன்னாடியே ஈமெயில் அனுப்பிவிட்டோம், இன்னும் சில நிமிடங்களில் கதவை மூடுவோம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

திரும்பி அங்கிளைப் பார்த்தேன். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிறலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான் ஈமெயில தொறக்கல தம்பி" என்றார். "டிக்கெட் கன்பர்ம் ஆனப்பறம் எதுக்குத் தொறக்கணும்னு விட்டுட்டேன்."

பேச நேரமில்லை. "செப்பாட், செப்பாட்" என்று அந்தப் பெண் கையை வேகமாக அசைத்துக் கூப்பிட்டார். அப்பா, வாழ்க்கையில் எந்த ரயிலுக்கும் ஓடாதவர், வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் சீட்டுகளைக் காட்டினேன். அங்கிள் தடுப்புக்கு வெளியே நின்று ஒவ்வொரு பையாகத் தூக்கி எங்களிடம் கொடுத்தார். இரண்டு கைகளும் கொள்ளாமல் வாங்கினோம். நகரும் படிக்கட்டில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். கூட்டத்துக்கு மேலே வலது கையை உயர்த்தி டாட்டா காட்டிக்கொண்டிருந்தார். இடது கையை நான் பார்க்கவில்லை.

உள்ளே ஏறி விழுந்தோம். கதவு மூடியது. ரயில் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. அப்பா மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். "சீக்கிரமே கௌப்பிட்டு வந்தாரே மனுஷன், அதனாலதான் பொழச்சோம்." இரண்டு நாளில் அங்கிளைப் பற்றி, 'ஆனா' போடாமல் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அம்மா பைகளை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"ஏல, செவப்புப் பெட்டி எங்கல?"

என் போன் அப்போதே அடித்தது. அங்கிள்தான்.

"தம்பி, பதட்டப்படாதே. பெட்டி என் கையிலதான் இருக்கு. பத்தரமா இருக்கு."

"பத்திரமா இருக்கு, சரி அங்கிள். ஆனா கே.எல்.லதானே இருக்கு."

நான் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வருகிறேன் என்றேன்.

"எறங்காதே" என்றார் உடனே. "நீ எறங்குனா உன் சீட்டும் போச்சு. அப்பறம் நீயும் இங்க, நானும் இங்க. அப்பா அம்மா மட்டும் தெரியாத ஊர்ல போய் என்னா பண்ணுவாங்க? நீ போ. நான் எப்படியாச்சும் வரேன்."

எப்படியாச்சும் என்கிற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே செம்பனைத் தோட்டங்கள் ஓடின. அம்மா முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். ரயில் பெட்டிக்குள் குளிர் அதிகம். ஆனாலும் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ரவாங் தாண்டியதும் அடுத்த அழைப்பு. "கவுன்டர்ல கேட்டேன். இன்னைக்கு எல்லா ரயிலும் ஹபிஸ். நாளைக்கும் ஹபிஸ்."

பிறகு பஸ் நிலையத்திலிருந்து. "பஸ்ஸும் ஹபிஸ் தம்பி. இங்க ஜனம் நிக்கறதப் பாத்தா எனக்குப் பெனிங்கா இருக்கு." அவருக்குத் தலை சுற்றுகிறது என்று அர்த்தம். வரிசை இல்லாமல், எண் இல்லாமல், நேரம் இல்லாமல் அவ்வளவு பெரிய கூட்டத்தின் நடுவில் அந்த மனிதர் நிற்பதை நினைத்தபோது பெட்டியைவிட அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை வந்தது.

வாடகைக் கார் ஒன்றும் ஈப்போவரை வரச் சம்மதிக்கவில்லை. போனால் திரும்பி வர ஒருநாள் ஆகும் என்று எல்லோரும் கையை விரித்தார்களாம். அதைச் சொன்னதோடு போன் அடங்கிவிட்டது. நான் கூப்பிட்டால் இணைப்பு கிடைக்கவில்லை. தஞ்சோங் மாலிமில் கூப்பிட்டேன். தாப்பாவில் கூப்பிட்டேன். பத்து காஜாவில் ரயில் நின்றபோது அப்பா முதல்முறையாக என்னைப் பார்த்து, "எடுக்காரா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

ஈப்போ ஸ்டேஷனில் அத்தை வந்து நின்றிருந்தாள். அண்ணனைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "சாப்டீங்களா மொதல்ல?" என்று கேட்டாள். எத்தனையோ வருடம் கழித்துத் தங்கை ஊருக்கு வந்த அண்ணன், அதற்குப் பதில் சொல்லாமல், "பட்டம் வரலம்மா" என்றார்.

அத்தை முகம் ஒரு நொடி மாறியது. உடனே சமாளித்துக்கொண்டாள். "அதனால என்னண்ணே. நீங்க வந்துட்டீங்கல்ல."

இங்கே பல கல்யாணங்கள் மாலையில்தான். மண்டபத்துக்குப் போனபோது மதியம் தாண்டிவிட்டது. வாசலில் வாழை மரம், உள்ளே நாதஸ்வரம். யாரோ ஓர் உறவினர், கடைவீதியில் போய் வேறு பட்டம் வாங்கி வரட்டுமா என்று கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அத்தை "வாங்கிடலாம், வாங்கிடலாம்" என்று சொல்லிக்கொண்டே மணமகள் அறைக்குள் போய்விட்டாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அப்பா பார்த்துவிட்டார். அவர் மண்டபத்துக்குள் உட்காரவில்லை. வாசலைத் தாண்டி, சாலையோரம் போய் நின்றுகொண்டார். புதுச் சட்டை, புது வேட்டி, வெயில்.

தெரியாத எண்ணிலிருந்து என் போன் அடித்தது.

"தம்பி, நான்தான். என் போன் செத்துப்போச்சு. இது லோரிக்கார அக்கா போன்."

"எந்த லோரி அங்கிள்? எங்க இருக்கீங்க?"

"எங்கன்னு தெரியல லா. நேரம் போடாத வண்டி, சீட்டு நம்பர் இல்லாத வண்டி. நான் எங்கன்னு சொல்லுவேன்?"

விவரம் பிறகுதான் தெளிந்தது. பஸ் நிலையத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் திரும்பியவர், பூக்கடை அக்காவிடம் போய் நின்றிருக்கிறார். கேமரன் மலையிலிருந்து பூ ஏற்றி வந்து, காலி வாளிகளோடு திரும்பிக்கொண்டிருந்த லோரி ஒன்றை அந்த அக்கா கைகாட்டி நிறுத்திக் கொடுத்திருக்கிறார். முன் சீட்டில் லோரிக்காரர், அவர் மனைவி, நடுவில் அங்கிள். மடியில் சிவப்புப் பெட்டி.

"நெருக்கமா இருக்கா அங்கிள்?"

"கியர் மாத்தும்போதெல்லாம் என் முட்டியும் சேர்ந்து மாறுது. அத விடு. ஜாம் ஜாஸ்தியா இருக்கு. இவங்க ஈப்போக்குள்ள வர மாட்டாங்க, சிம்பாங் பூலாய் முக்குல எறக்கிடுவாங்களாம். அங்கேர்ந்து எப்படி வரணும்?"

"அங்கேயே நில்லுங்க. கார் எடுத்துட்டு ஆள் அனுப்பறேன்."

"எந்தக் காரு? எத்தன மணிக்கு? கன்பர்மா?"

என்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மண்டபத்திலிருந்த கார்களெல்லாம் ஒன்றையொன்று மறித்து நின்றிருந்தன. லைன் துண்டித்தது.

குருக்கள் வந்து, "பெண்ணை அழைச்சிண்டு வரலாமா?" என்று கேட்டார். அத்தை அவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். கொஞ்சம் பார்க்கலாம் என்று அவர் போனார். திரும்பவும் வந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததை எல்லோரும் பார்த்தார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நல்ல நேரம் முடியப் போகிறது, இனி காத்திருக்க முடியாது என்று குருக்கள் கடைசியாகச் சொன்னபோது, நான் அப்பாவைக் கூப்பிடச் சாலைக்கு வந்தேன்.

அப்பா திரும்பவில்லை. "அந்தா" என்றார்.

சாலை வளைவில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டியவர் கைக்குட்டையால் வாயை மூடிய ஒரு சீன ஆன்டி. முன்பக்கக் கூடையில் கீரைக்கட்டுகள். பின்னால் கன்பர்ம் அங்கிள். தலைக்குப் பொருந்தாத சின்ன ஹெல்மெட் உச்சியில் உட்கார்ந்திருந்தது. ஒரு கையால் ஆன்டியின் தோளைப் பிடித்திருந்தார். இன்னொரு கையால் சிவப்புப் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தார். கண்களை இறுக மூடியிருந்தார்.

வண்டி நின்ற பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆன்டிதான் அவர் முழங்காலைத் தட்டி, "அங்கிள், சுடா சாம்பாய்" என்றார். வந்து சேர்ந்தாயிற்று என்று சொன்ன பிறகுதான் இறங்கினார். பெட்டியை அப்பாவிடம் நீட்டினார்.

"மன்னிச்சிருங்கண்ணே. நான் அந்த ஈமெயில..."

அப்பா பெட்டியை வாங்கிக்கொண்டு, மறு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "உள்ள வாங்க அண்ணாச்சி."

"நான் பத்திரிக்கையில இல்லையேண்ணே. ஆளு கணக்குப் பண்ணித்தான சோறு ஆக்கியிருப்பாங்க."

"வாங்க" என்றார் அப்பா. பிடியை விடவில்லை.

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மணமகளை உட்கார வைத்திருந்தார்கள். அப்பா பெட்டியைத் திறந்து பட்டத்தை எடுத்தார். மங்கிய தங்கத் தகடு, இரண்டு பக்கமும் மஞ்சள் நூல். அத்தை அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அதைப் பெண்ணின் நெற்றியில் வைத்தார். அவ்வளவு நேரம் சாலையில் விறைத்து நின்ற மனிதருக்கு, முடிச்சுப் போடும்போது விரல்கள் ஆடின. நூல் நழுவியது. மறுபடி நழுவியது. அவர் பக்கத்தில் நின்ற அங்கிளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு நுனியப் பிடிங்க அண்ணாச்சி."

அங்கிள் பிடித்தார். நகத்தில் லோரி எண்ணெய்க் கறை, சட்டையில் கீரை இலை. அப்பா முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை அந்த நூலை அவர் மூச்சு விடாமல் பிடித்திருந்தார். அத்தை மகள் அண்ணாந்து பார்த்து, யாரென்றே தெரியாத அவரையும் சேர்த்துக் காலில் விழுந்து கும்பிட்டாள். அவர் "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைத் தேடினார். அது ஆன்டியோடு போய்விட்டிருந்தது. சிம்பாங் பூலாய் முக்கில் மண்டபத்துக்கு வழி கேட்டவரை அப்படியே ஏற்றி வந்த அந்த ஆன்டிக்கு ஒரு தட்டில் பலகாரம் வைத்துக் கொடுத்து அனுப்பியது அம்மா.

பந்தியில் அங்கிள் மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தார். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவரிடம், எப்படித் திரும்பிப் போகப்போகிறீர்கள் என்று கேட்டேன். "தெரியல" என்றார். ஒற்றைச் சொல் பதில்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவர் பயப்படவில்லை என்பதைக் கவனித்தேன். அன்றிரவு அத்தை வீட்டிலேயே தங்கினார். அவருக்கும் அப்பாவுக்கும் ஒரே அறை. காலையில் நான் எழுந்தபோது இருவரும் வாசலில் உட்கார்ந்து, கப்பல்கள் எப்படிக் கரை சேர்கின்றன என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவும் அம்மாவும் ஒரு வாரம் அத்தையோடு தங்குவதாக முடிவு. கோலாலம்பூர் திரும்புகிற உறவினர் வேன் ஒன்றில் எனக்கும் அங்கிளுக்கும் இடம் கொடுத்தார்கள். கடைசி வரிசை. சாமான்களுக்கு நடுவே கொஞ்சம் இடம். வேன் எப்போது கிளம்பும் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

நெடுஞ்சாலை ஏறியதும் ஜாம். யாரோ பழைய பாட்டு போட்டார்கள். கம்பார் தாண்டும் முன்பே அங்கிளின் தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் வந்து விழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கனமான தலை. கொஞ்ச நேரத்தில் என் கை மரத்துப்போனது. பிரிக்பீல்ட்ஸ் வந்து, எல்லோரும் இறங்கி, டிரைவர் எங்களுக்காகக் காத்திருந்த பிறகும், நான் தோளை அசைக்கவில்லை.